மிச்சத்துணியில் நத்தார்த் தொங்கல்கள்: வன்னியின் துணியும் தையலும்

பஞ்சு வைத்துத் தைத்த தொங்கலுக்கு மூன்று அடுக்குகள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்னால் தாங்கும் அடித்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் அவற்றை ஒரே பொருளாக்குகிறது. இதே வேலையைக் கட்டில் அளவில் செய்தால் போர்வை. உள்ளங்கை அளவில் செய்தால் நத்தார் மரத்திலும் பாலன்குடிலின் முகப்பிலும் தொங்கவிடும் சோடனை. போர்வைக்குப் பல மீற்றர் துணி வேண்டும். தொங்கலுக்குச் சட்டை வெட்டிய பிறகு மேசையடியில் விழும் துண்டே போதும். ஆறரை சென்ரிமீற்றர் சதுரம் தேறுமானால் எந்தத் துண்டும் இதற்கு உதவும். அதைவிடச் சிறியது உள்ளே திணிக்க உதவும்.

துண்டுகளை இணைத்துத் தைக்கும் கலை பல நாடுகளில் தனித்தனியே வளர்ந்தது. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டிக் காந்தா தைத்தார்கள். கர்நாடகத்தின் சித்திப் பெண்கள் கிழிந்த உடுப்புகளிலிருந்து கவந்தி தைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் போர்வை இன்று லண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழரிடம் ஒட்டுத்தையல் வளர்ந்த இடம் வீடல்ல, கோயில். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தைக்கப்படும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் பொருத்தி, விளிம்பை மடித்துத் தைத்தவையே. ஈழத்துத் தேர்களிலும் தொம்பை தொங்குகிறது. தொங்கவிடுவதற்காகவே துணியில் வடிவம் செய்வது ஆகவே இங்கே புதிய பழக்கம் அல்ல. நத்தார் மரம்தான் பிந்தி வந்தது. ஜேர்மனிய வழக்கமாயிருந்த அந்த மரம், விக்ரோறியா அரசியின் குடும்பம் அதைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 1848இல் ஒரு லண்டன் வார இதழ் அச்சிட்ட பிறகே ஆங்கில வீடுகளில் பரவியது. பிரித்தானியக் காலனிகள் பலவற்றுக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

வட இலங்கையின் வன்னிப் பகுதிக் கடற்கரைக் கிராமங்களில் ஊசியிலை மரம் கிடையாது. சவுக்கங்கிளை அந்த இடத்தை நிரப்புகிறது. தொங்கலின் எடையை முடிவு செய்வதும் அதுதான். சவுக்கின் நுனிக்கிளை மெல்லியது; கண்ணாடிக் குண்டு ஒன்று அதை வளைத்துவிடும். பஞ்சு வைத்த துணி அந்தக் கிளைக்கு ஏற்ற பாரம்.

துணியும் வன்னியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் துணிக்குத் தனியான ஒரு வரலாறு இருக்கிறது. 1990இலிருந்து நீண்ட பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்த குடும்பங்கள் எதையும் எளிதில் எறியவில்லை. பழைய சாரம் குழந்தைக்கு ஏணை ஆனது, அது நைந்தபின் கால்துடைப்பான் ஆனது. போரின் இறுதிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களில், புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய கரையில் அடைபட்ட மக்கள் பங்கருக்கு மண்மூட்டை இல்லாமல், உடுத்த வைத்திருந்த சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினார்கள். கூறைச் சேலைகூட அதில் போனது. அந்தக் காலத்தின் படங்களில் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும் மூட்டைகள் அவைதான். பின்னால் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கு வந்தவர்களில் பலரிடம் மாற்றுடுப்பே இருக்கவில்லை. இந்த மண்ணில் மிச்சத்துணியை எடுத்துத் தைப்பதை வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பது பொருந்தாது.

போர் முடிந்த பின் வாழ்வாதார உதவியாகப் பெண்களுக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்பட்ட பொருள்களில் ஒன்று தையல் மெசின். காரணம் வெளிப்படை. வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள், அவர்களில் 40,000 பேர் வடக்கில் என்று 2010இல் அரச தரப்பே சொன்னது. தையல் வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தொழில், பிள்ளையைப் பார்த்துக்கொண்டும் செய்யலாம். ஆனால் ஒரே கிராமத்தில் பல வீடுகளில் மெசின் இருந்து, தைக்கக் கொடுப்போர் தொகை கூடாவிட்டால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாடசாலைச் சீருடைக்கும் மட்டும் வேலை வரும், மற்ற மாதங்களில் மெசின் துணி மூடிக் கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் வேலைகளில் ஒன்றாகத்தான் மிச்சத்துணிப் பொருள்களைக் கருத வேண்டும். அது முழுநேரத் தொழிலுக்கு ஈடாகும் என்று சொல்வது மிகைக்கூற்று.

இரண்டு வகை மிச்சம்

வன்னியில் மிச்சத்துணி இரண்டு வழிகளில் வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரி தைக்க முயல்வதால்தான் பல தொங்கல்கள் கோணலாகிவிடுகின்றன.

முதல் வழி ஊர்த் தையல்கடை. அங்கே விழுவது பெரும்பாலும் நெய்த துணி: சேலைச் சட்டையின் வெட்டு, உள்துணி, சாரத்தின் ஓரம், சரிகைக் கரை. இவற்றோடு வெள்ளைத் துணியும் ஏராளம். இலங்கையில் 1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகிறது. அதைத் தைக்கும் காலத்தில் ஒவ்வொரு கடையிலும் வெள்ளைத் துண்டுகள் குவியும். இந்தத் துணிகள் மடித்தால் மடிப்பை வைத்திருக்கும், நூலோட்டம் நேராக ஓடும், வெட்டிய விளிம்பில் மட்டும் இழை பிரியும்.

இரண்டாம் வழி ஆடைத் தொழிற்சாலை. போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல்நகரில் எம்.ஏ.எஸ். குழுமம் தொழிற்சாலைகளை அமைத்தது. வவுனியாவில் இத்தாலியக் கல்செடோனியா குழுமத்தின் தொழிற்சாலை வந்தது. காலையில் ஏ9 வீதியில் ஓடும் பஸ்களில் கணிசமானவை இந்த வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்பவை. துணியை அடுக்கி வெட்டும்போது வடிவங்களுக்கு இடையே எஞ்சுவது, உலக அளவில் பொதுவாக, வெட்டும் துணியின் 10 முதல் 20 சதவீதம் என்று கணிக்கப்படுகிறது. உள்ளாடையும் விளையாட்டு உடையும் தைக்கும் இடத்தில் எஞ்சுவது பின்னல் துணி: பொலியெஸ்ரர் அல்லது நைலோனுடன் இழுபடும் இழை கலந்தது. வெட்டினால் இழை பிரியாது, ஆனால் விளிம்பு சுருண்டுகொள்ளும். அயன் பெட்டியைச் சூடாக வைத்தால் பளபளத்து உருகும். மடித்துக் கூராக்கிய முனை சற்று நேரத்தில் தானே விரியும்.

தொழிற்சாலை மிச்சம் கேட்டவுடன் கிடைக்கும் பொருளும் அல்ல. ஏற்றுமதிக்காகத் தீர்வையின்றி இறக்குமதியாகும் துணி என்பதால் அதை உள்ளூர்ச் சந்தைக்கு விடுவதற்கு முதலீட்டுச் சபையின் நடைமுறைகள் உண்டு. நிறுவன முத்திரை அச்சிட்ட துண்டுகள் வெளியே போகக்கூடாது என்பதில் வாங்கும் நிறுவனங்கள் கண்டிப்பாக இருக்கும். வீட்டில் தைப்பவருக்கு நம்பிக்கையான மூலம் ஆகவே ஊர்த் தையல்கடைதான். தொழிற்சாலைத் துணி கிடைத்தால் கூடுதல் வரவு.

எது எந்த வகை என்று தெரியாதபோது ஓர் இழையை எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி இழை கடதாசி மணத்துடன் எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பொலியெஸ்ரர் சுருங்கி உருகி, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். பருத்தி 200 பாகை வரை அயன் சூட்டைத் தாங்கும், பொலியெஸ்ரர் 150, இழுபடும் இழை கூடுதலாக உள்ளது 110. பெட்டியில் இருக்கும் மூன்று, இரண்டு, ஒரு புள்ளிகள் குறிப்பது இவற்றையே.

மடித்த நட்சத்திரக் குண்டு

நெய்த பருத்திக்கு மிகப் பொருத்தமான வடிவம் மடிப்பு முக்கோணங்களை அடுக்கிய குண்டு. வட அமெரிக்காவில் இதை றெஜிபோம் குண்டின்மேல் குண்டூசி குத்திச் செய்கிறார்கள், தையலே இல்லை. வன்னியில் இரண்டுக்கும் மாற்று வேண்டும். றெஜிபோம் மக்காத பொருள். அதில் செய்த உணவுப் பெட்டிகளை இலங்கை 2017 செப்டெம்பரில் தடைசெய்தது. குண்டூசி மாரிக்காலத்து ஈரத்தில் துருவேறித் துணியில் கறை விடும். ஜப்பானில் தெமாரி என்னும் அலங்காரப் பந்துக்கு உட்கருவாகப் பழைய கிமோனோத் துண்டுகளைத்தான் சுற்றினார்கள். அதே முறை இங்கும் ஒத்துவரும். மிகச் சிறிய துண்டுகளையும் நூல் கழிவையும் உருட்டி, மேலே பழைய பருத்திச் சேலைக் கீற்றை இறுக்கிச் சுற்றி, பழைய நூல்கட்டையில் மிஞ்சிய நூலால் எல்லாத் திசையிலும் வரிந்தால் ஏழரை சென்ரிமீற்றர் விட்டமுள்ள உறுதியான குண்டு கிடைக்கும். ஊசி அதில் தடையில்லாமல் இறங்கும். எனவே குண்டூசிக்குப் பதில் நூல்.

முக்கோணம் செய்வதற்கு ஆறரை சென்ரிமீற்றர் சதுரத் துண்டு வேண்டும். அதைப் பாதியாக மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் அடி ஆறரை, உயரம் மூன்றேகால் கொண்ட முக்கோணம் வரும். வெட்டிய விளிம்புகள் எல்லாம் அடியில் சேர்ந்துவிடும். மடிப்புகள் மட்டும் மேலே தெரியும். இழை பிரியும் தொல்லை இந்த வடிவத்தில் இல்லாமல் போவது இதனால்தான்.

குண்டின் உச்சியில் முதலில் ஒரு சதுரத்தை மடிக்காமல் தைக்க வேண்டும். அதன் நடுவில் நான்கு முக்கோணங்களின் முனைகள் சந்திக்கும். முனையில் ஒரு தையல், அடியின் இரு மூலைகளில் ஒவ்வொரு தையல். அடுத்த சுற்று ஒன்றேகால் சென்ரிமீற்றர் கீழே இறங்கி எட்டு முக்கோணம். அதற்கடுத்த சுற்றும் எட்டு. அவை முந்தையவற்றின் இடைவெளிகளில் அமர வேண்டும். ஒரு பாதிக்கு 21 துண்டு, முழுக் குண்டுக்கு 42. சுற்றுக்கு ஒரு நிறம் என்று மாற்றினால்தான் நட்சத்திரம் தெரியும். கைக்கு வந்த நிறங்களை எல்லாம் ஒரே சுற்றில் கலந்தால் உழைப்பு அத்தனையும் மங்கிவிடும். சீருடை வெள்ளை இங்கே பெரும் உதவி. ஒன்றுவிட்ட சுற்றுகளில் வெள்ளையை வைத்தால், இடையில் பச்சையோ அரக்கோ எந்தச் சட்டைத் துண்டும் எடுப்பாக நிற்கும். இரண்டு பாதிகளும் சந்திக்கும் நடுவட்டத்தில் வெட்டு விளிம்புகள் கூடும். அதை மறைக்கத்தான் சரிகைக் கரை: சேலைக்கரையின் இரண்டு சென்ரிமீற்றர் கீற்று, 24 சென்ரிமீற்றர் நீளம் போதும்.

இணைத்த நட்சத்திரம், சுருக்குப் பூ

பஞ்சு வைத்து நூலோட்டும் முறையில் மிகத் துலக்கமான வடிவம் ஐந்து மூலை நட்சத்திரம். ஐந்து சாய்சதுரங்களை நடுவில் இணைக்கும்போது ஒவ்வொன்றின் உட்கோணமும் 72 பாகை இருந்தால் 360 நிரம்பும். ஆறு மூலைக்கு 60, எட்டுக்கு 45. கொப்பி மட்டையில் ஓர் அச்சு வெட்டி, அதைச் சுற்றித் துணியை மடித்து, துண்டு துண்டாகக் கையால் இணைப்பதே பாதுகாப்பான வழி. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் ஐந்து மூட்டில் ஐந்து மில்லிமீற்றர் சேரும். அந்தப் பிசகு நடுவில் கூம்பாக எழும் அல்லது குழியாக விழும். நட்சத்திரம் தட்டையாக இருக்கவில்லை என்றால் காரணம் அச்சு வெட்டியதிலோ மூட்டுத் தையலிலோ இருக்கும்.

மேல்துணி தயாரானதும் அடித்துணியுடன் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, மூன்று சென்ரிமீற்றர் வாசல் விட்டுச் சுற்றிலும் தைத்து, உள்மூலைகளில் தையல்வரை வெட்டுக்கொடுத்து, புறம் திருப்ப வேண்டும். முனைகளைத் தள்ளி எடுக்கப் பனை ஈர்க்கு போதும். கத்தரிக்கோல் நுனி துணியைக் குத்திவிடும். பஞ்சைச் சிறிது சிறிதாக முனைகளில் முதலில் திணித்து, நடுவுக்குக் கடைசியில் வர வேண்டும். வாசலை மூடியபின் ஒவ்வொரு மூட்டின் இருபுறமும் அரைச் சென்ரிமீற்றர் தள்ளி மூன்று அடுக்கும் பிடிபட நூலோட்டினால் மேடும் பள்ளமும் எழும். தொங்கலுக்கு உயிர் கொடுப்பது இந்த மேடுபள்ளம். வெறுமனே பஞ்சு அடைத்துத் தைத்தது சிறு தலையணைபோல் உப்பி நிற்கும்.

இழுபடும் தொழிற்சாலைத் துணிக்கு இந்த முறை நேரடியாக ஒவ்வாது. அடியில் நைந்த பருத்திச் சேலைத் துண்டை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தைத்தால் இழுவை அடங்கும். அதைவிட எளிது அதன் இயல்போடு போவது: ஒன்றரைச் சென்ரிமீற்றர் கீற்றுகளாக வெட்டி இழுத்தால் அவை தாமே குழாயாகச் சுருளும். மூன்றைச் சேர்த்துப் பின்னினால் வளையமும் சங்கிலியும் ஆகும். விளையாட்டு உடைத் துணியின் அழுத்தமான நீலமும் செம்மஞ்சளும் அதில் நன்றாக எடுக்கும்.

சுருக்குப் பூவுக்குப் பஞ்சே வேண்டாம். பத்துச் சென்ரிமீற்றர் வட்டத்தின் விளிம்பை மடித்து நூலோட்டி இழுத்தால், பாதிக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள பூவாகச் சுருங்கும். நூலோட்டத்தின் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் நடுத்துளை சிறிதாக மூடும். நெருக்கித் தைத்தால் துளை அகன்றுவிடும் என்பது புதிதாகத் தைப்பவருக்கு நம்பக் கடினமான உண்மை. துளையை ஒரு தெறியால் மூடலாம். பூக்களைக் கோத்தால் குடிலின் முகப்புக்குத் தோரணம்.

ஓரப்பொருள்களில் சரிகையும் லேஸும் தெறியும் முதன்மையானவை. அவற்றோடு வன்னியில் கிடைக்கும் பனையின் சார்வோலையைச் சேர்க்கலாம். சாயமிட்ட ஓலைக் கீற்றைத் துணி நட்சத்திரத்தின் நடுவில் பின்னிப் பொருத்தினால் பாரம் கூடாமல் பொருள் வேறுபட்டுத் தெரியும். வடிவத்திலும் இதே கவனம் வேண்டும். பனிமனிதனையும் கலைமானையும் முல்லைத்தீவில் தைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மீன், தோணி, பனை, மயில், மாட்டுத்தொழுவம் ஆகியவை பாலன்குடிலுக்கு அருகில் இயல்பாகவே நிற்கும்.

மாரியும் சோடனையும்

வன்னியில் நத்தார் வருவது வடகீழ்ப் பருவமழையின் நடுவில். பஞ்சைத் தெரிவதில் இது முதன்மையான காரணி. பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுத்து நெடுநேரம் வைத்திருக்கும், பூஞ்சணம் பிடிக்கும். இலவம்பஞ்சின் இழை உள்ளே வெறுமையான குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை ஏற்காத அந்த இயல்பால் முன்பு உயிர்காப்பு அங்கிகளுக்கு அதையே அடைத்தார்கள். தொங்கலுக்கும் அதுதான் நல்லது. குறை ஒன்று உண்டு: இழை நழுவும் தன்மையுள்ளதால் தையல் இடைவெளியில் வெளியே கசியும். நெருக்கமாக நெய்த உள்துணியைப் பையாக வைத்தால் அது தீரும். வாங்கிய சாயத்துணி எதையும் தைக்குமுன் நனைத்துப் பார்க்காவிட்டால், சிவப்பு வெள்ளையில் இறங்குவது முதல் சாரலிலேயே தெரியவரும்.

மழை சோடனையை மட்டும் தொடுவதில்லை. 2018 டிசம்பர் 21, 22இல் பெய்த மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்து நத்தாரைத் தற்காலிக முகாம்களில் கழித்தன. முல்லைத்தீவுக் கரையில் நத்தாருக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது நத்தாரின் மறுநாள் காலை. இன்றும் டிசம்பர் 26இல் அங்கே இறந்தோரை நினைவுகூருகிறார்கள். மினுக்கும் பிளாத்திக்குச் சோடனையைவிட, வெள்ளைத் துணியில் நூலோட்டிய ஓர் எளிய நட்சத்திரம் அந்த இரண்டு நாள்களுக்கும் பொருந்துகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

விலையும் சந்தையும்

மிச்சத்துணி இலவசம் என்பதால் பொருளும் மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தைப்பவரைத்தான் பாதிக்கிறது. 42 துண்டு வெட்டி, அவற்றில் 40ஐ முக்கோணமாக மடித்து, ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று தையல் போட்டால் ஒரு குண்டுக்கு முக்கோணத் தையல் மட்டும் 120. துணி வாங்கியோ வாங்காமலோ அந்த நேரம் மாறாது. விலையின் பெரும்பகுதி கையுழைப்பு என்பதை வாங்குபவருக்குச் சொல்லியே விற்க வேண்டும். நேரம் குறைவான சுருக்குப் பூவையும் பின்னல் வளையத்தையும் உள்ளூர்ச் சந்தைக்கும், குண்டையும் இணைத்த நட்சத்திரத்தையும் தொலைவான சந்தைக்கும் வைப்பது கணக்குக்கு ஒத்துவரும்.

தென்னிலங்கையில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபூட் நிறுவனம் கைத்தறித் துணியில் பொம்மைகள் தைத்து விற்றுப் பெயர் பெற்றது. 1991இல் குருநாகலில் தொடங்கிய செலின் கைத்தறிப் பொம்மைகளை நியாய வணிக முறையில் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. இரண்டும் தம் நெசவின் நிறங்களையே அடையாளமாக்கியவை. அரச தரப்பில், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைப்பணியாளருக்கானது.

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் போன்ற நகரங்கள் இயல்பான சந்தை. அங்கே நத்தார்ப் பொருள் கடைக்கு வருவது நவம்பரில். கப்பலில் அனுப்புவதானால் செப்டெம்பரிலேயே பொதி கட்ட வேண்டும். வன்னியில் மே முதல் ஓகஸ்ட் வரை வெயில். துணி துவைத்து உலர்த்தவும் பஞ்சு காயவும் அதுவே ஏற்ற காலம், தையல்கடைகளுக்கு வேலை குறைந்த காலமும் அதுவே. மாரியில் தைத்து ஈரத்தோடு பொதி கட்டிய பொருள் பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துப் போய்ச் சேரும்.

வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பும்போது அங்குள்ள விதிகளையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விளையாட்டுப்பொருள் பாதுகாப்பு விதி, பண்டிகை அலங்காரப் பொருள்களை விளையாட்டுப்பொருள் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆனால் துணியில் தைத்த ஒரு மயிலைத் தொங்கல் என்று சொல்லாமல் குழந்தைக்கான பொம்மை என்று விற்றால், தெறியும் மணியும் பிடுங்கி வாயில் போகுமா என்பது உட்பட்ட சோதனைகள் வந்துவிடும். பெயர்ச்சீட்டில் இது அலங்காரப் பொருள் என்று எழுதுவதும், துணியின் வகையையும் பஞ்சின் வகையையும் குறிப்பதும் ஆகவே தைப்பவரின் வேலையில் ஒரு பகுதி.

விற்காமல் வீட்டில் தொங்கவிட்டவற்றைப் பேணவும் வேண்டும். மூவிராசாக்கள் திருவிழா முடிந்ததும், ஜனவரி 6க்குப் பின், தொங்கல்களைக் கழற்றி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, காய்ந்த வேப்பிலை தூவிய பனையோலைப் பெட்டியில் வைத்தால் அடுத்த மாரிவரை பூச்சித் தொல்லை குறையும். பிளாத்திக்குப் பையில் கட்டி வைப்பது எஞ்சிய ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். பூஞ்சணம் பிடித்தது கிடைத்தால் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சை மாற்றி, துணியைத் துவைத்து மீண்டும் மூடலாம்.